மாடியிலிருந்து நிலாவையும் கோள்களையும் படம் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது வாணியம்பாடி பக்கம், கேத்தாண்டப்பட்டி. கொஞ்சம் வடமேற்கே போனால் ஆந்திரா. மனைவியின் ஊர் குப்பம். என்னிடம் 150 மி.மீ. கண்ணாடியுள்ள டாப்சோனியன் டெலஸ்கோப் (முக்காலிக்குப் பதில் தரையில் வைக்கும் பெட்டியில் திரும்பும் வகை) ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறு ராத்திரியில் தெருப் பிள்ளைகள், அவர்களுடைய அப்பாக்கள், குப்பத்து மச்சான் என்று யாராவது மாடி ஏறி வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

எந்த டெலஸ்கோப் வாங்குவது?

பெட்டியில் "525 மடங்கு", "675 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். நான் முதலில் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். 76 மி.மீ. கண்ணாடி, ஒல்லிக்குச்சி முக்காலி, கூடவே உருப்பெருக்கத்தைக் கூட்டும் பிளாஸ்டிக் பார்லோ லென்ஸ். வியாழனைப் பார்த்தால் பாலில் நனைத்த பஞ்சு மாதிரி இருந்தது. தும்மினால்கூட வானம் ஆடியது.

கண்ணாடியின் விட்டம் எத்தனை மி.மீ. இருக்கிறதோ, அதைப்போல இரண்டு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை. 76 மி.மீ. என்றால் சுமார் 150 மடங்கு. அதற்கு மேல் பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது. 114 மி.மீ. இருந்தால் ஆரம்பிக்கலாம், 150 மி.மீ. இருந்தால் நெடுநாளைக்குப் போதும். முக்காலி ஒல்லியாக இருப்பதைவிட டாப்சோனியன் பெட்டி மேல்.

கேமரா இல்லை, போன்தான் இருக்கிறது. போதுமா?

போதும். முதல் ஆறு மாதத்துக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், போனைப் பிடித்துவைக்கும் பிடிப்பான் மட்டும் ஒன்று வேண்டும். கையில் பிடித்து எடுப்பது ஒரு நாள் விளையாட்டுக்குச் சரி, இரண்டாம் நாள் எரிச்சல்தான் வரும்.

25 மி.மீ. ஐபீஸைப் போட்டு நிலாவைக் கொண்டுவாருங்கள். 1200 மி.மீ. குவிய நீளமுள்ள (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) டெலஸ்கோப்பில் அது 48 மடங்கு. முழு நிலாவும் சட்டத்துக்குள் அடங்கிவிடும். போனில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள், படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிகிற அளவுக்கு. புதிதாக எடுப்பவர்கள் எல்லாருமே வெளிச்சத்தை அதிகமாக வைக்கிறார்கள். வெளுத்துப் போன இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பட்டனைத் தொட்டால் டெலஸ்கோப் அதிரும், அதனால் 3 விநாடி டைமர் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. சில போன்கள் நிலாவை அடையாளம் கண்டு, இல்லாத பள்ளத்தையெல்லாம் தாமே வரைந்து கொடுக்கின்றன. அந்த வசதியை அணைத்துவிடுங்கள். மங்கலாக வந்தாலும் அது நீங்கள் எடுத்த படமாக இருக்கட்டும்.

பௌர்ணமி அன்று எடுத்தால் நன்றாக வருமா?

வராது. பௌர்ணமி நிலாவில் சூரிய ஒளி நேர் எதிரே விழுவதால் நிழலே இருக்காது. உச்சி வெயிலில் எடுத்த கல்யாணப் படம் மாதிரி எல்லாம் தட்டையாகிவிடும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். அங்கே சூரியன் இப்போதுதான் உதித்துக்கொண்டிருக்கிறது. பள்ளத்தின் விளிம்புகளும் மலைகளும் நீளநீளமாக நிழல் போடும். படத்துக்கு ஆழம் கொடுப்பது அந்த நிழல்தான்.

அப்படியென்றால் எந்த நாளில் எதை எடுப்பது?

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே வழி காட்டும், தனி ஆப் வேண்டாம். வளர்பிறை பஞ்சமி, சஷ்டியில் தியோபிலஸ், சிரில்லஸ், கேத்தரினா என்ற மூன்று பெரும்பள்ளங்கள் வரிசையாக நிற்கும். தியோபிலஸ் சுமார் 100 கி.மீ. அகலம், நடுவில் மலை.

அட்டமியும் நவமியும் எனக்குப் பிடித்த நாட்கள். நேர்ச் சுவர் என்று ஒன்று தெரியும், 110 கி.மீ. நீளத்துக்குக் கத்தியால் கீறிய கருங்கோடு. உண்மையில் அது செங்குத்துச் சுவர் அல்ல, மெல்லச் சரியும் சரிவு. காலைச் சூரியனில் அதன் நிழல்தான் கருப்பாகத் தெரிகிறது. தேய்பிறை அட்டமியில் சூரியன் மறுபக்கத்திலிருந்து அடிப்பதால் அதே கோடு வெள்ளையாக மாறிவிடும். ஒரே இடத்தை இரண்டு அட்டமியில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேய்பிறைக்கு நள்ளிரவு தாண்டி எழுந்திருக்கணும், அவ்வளவுதான்.

நவமி, தசமியில் கோபர்நிகஸ். 93 கி.மீ. அகலம், படிப்படியாக இறங்கும் உள்சுவர், பார்க்கக் கிணறு மாதிரியே இருக்கும். தெற்கே கிளேவியஸ், 230 கி.மீ. அகலம். அதற்குள்ளேயே சின்னப் பள்ளங்கள் பெரிதிலிருந்து சிறிதாக வளைந்து வரிசை கட்டும். எத்தனை எண்ண முடிகிறது என்பதை வைத்து அன்றைய காற்று எப்படி என்று சொல்லிவிடலாம்.

கண்ணால் பார்த்தால் தெளிவாக இருக்கிறது, படத்தில் மங்கிவிடுகிறது. டெலஸ்கோப்பில் குறையா?

பெரும்பாலும் இல்லை. குறை காற்றில் இருக்கிறது. தோசைக்கல் காய்ந்ததும் அதற்கு மேலே பார்த்தால் எதிரே இருக்கும் சுவர் நெளியும், பார்த்திருப்பீர்கள். வானத்திலும் அதுதான் நடக்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடங்களில் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. 150 மி.மீ. கண்ணாடியால் சுமார் 0.77 ஆர்க் செகண்ட் வரை பிரித்துப் பார்க்க முடியும். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட். காற்று கலங்கிய ராத்திரியில் படம் இரண்டு மூன்று ஆர்க் செகண்டுக்கு மேலேயே ஆடும். அப்புறம் கண்ணாடி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? கண்ணும் மூளையும் தெளிவான கணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். ஒற்றைப் படத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

சோதனை எளிது. நட்சத்திரங்கள் மின்னுவது இயல்பு, கோள்கள் பொதுவாக மின்னாது. வியாழனே மினுமினுத்தால் டெலஸ்கோப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

உயரமும் முக்கியம். கோள் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, தலைக்கு மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு காற்றைத் துளைத்து ஒளி வருகிறது. தாழ்ந்த கோளுக்கு ஒரு ஓரத்தில் சிவப்பும் எதிர் ஓரத்தில் நீலமும் கரை கட்டியிருக்கும். அதுவும் காற்றின் வேலைதான். இந்த விஷயத்தில் நமக்கு யோகம். நாம் இருப்பது வடக்கே சுமார் 12.6 டிகிரி அட்சரேகையில். நிலாவும் கோள்களும் நம் உச்சந்தலைக்குப் பக்கமாகவே போகின்றன. ஐரோப்பாக்காரர்கள் பல வருடம் அடிவானத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

மாடியில் வைப்பது நல்லதா, தரையில் வைப்பது நல்லதா?

தரையில். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

எங்கள் மாடி சிமெண்ட் தளம். ஏப்ரலில் ராத்திரி ஒன்பதரைக்குக்கூட வெறுங்காலோடு நின்றால் உள்ளங்கால் சுடும். அந்தச் சூடு முழுக்க மேலே எழுந்து டெலஸ்கோப் முன்னால்தான் நெளிகிறது. பக்கத்து வீட்டில் தகரக் கூரை. கோள் அதற்கு மேலே வரும்போதெல்லாம் படம் கெட்டது. போதாததற்கு ரயில் பாதை கூப்பிடு தூரத்தில். பெங்களூர் பக்கமிருந்து சரக்கு ரயில் வந்தால் திரையில் சனி முதலில் மெதுவாக நடுங்கும், பெட்டிகள் கடக்கக் கடக்க மேலும் கீழுமாகக் குதிக்கும், கடைசிப் பெட்டி போனபிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்த படம்.

ஒரு மார்ச் மாதம் டெலஸ்கோப் குழாயைப் போர்வையில் சுற்றி, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் படுக்க வைத்துக் கட்டி, மாமனார் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். மண் தரை, சுற்றிலும் புல், அன்று சாயங்காலம்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். அதே டெலஸ்கோப், அதே போன். வியாழனில் இரண்டு பட்டைகளுக்கு மேல் நான் கண்டதில்லை. அன்று நான்கு எண்ணினேன். மச்சானின் மகள் ஐபீஸில் கண் வைத்து, "சந்தமாமாக்கள் நாலு இருக்கு மாமா" என்றாள், தமிழும் தெலுங்கும் கலந்து. அவள் சொன்னது வியாழனின் நிலாக்களை.

குப்பம் பக்கத்துப் பாறைக் குன்றுகளையும் நம்பாதீர்கள். பார்க்க அழகு, ஆனால் பகல் முழுவதும் குடித்த வெயிலை நடுராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். மாடிதான் வழி என்றால் சாயங்காலமே தளத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பதினொரு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த கண்ணாடியின் சூடு தணியவும் அரை மணியாவது ஆகும். அதுவரை எடுக்கும் படம் எதுவும் உருப்படாது.

நெடுஞ்சாலை விளக்கு வெளிச்சம் இடைஞ்சல் இல்லையா?

நிலாவுக்கும் கோள்களுக்கும் இல்லை. அவை அவ்வளவு பிரகாசம். பால்வெளியும் மங்கலான விண்மீன் திரள்களும் எடுக்கத்தான் இருட்டு வேண்டும். விளக்கு நேராகக் குழாய்க்குள் அடிக்காமல் ஒரு வேட்டியைக் குறுக்கே கட்டினால் போதும்.

எல்லாரும் வீடியோ எடுங்கள் என்கிறார்களே, ஏன்?

காற்று கலங்கினாலும் இடையிடையே ஒரு கணம் அடங்கும். வீடியோவில் அந்தக் கணங்களும் சிக்கியிருக்கும். ஒரு நிமிட வீடியோ, விநாடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) என்றால் 1800 படங்கள். அவற்றைத் தெளிவு வாரியாக மென்பொருள் தரம் பிரிக்கும். மேலே வரும் 20 சதவீதத்தை மட்டும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்கும். நெல்லைப் புடைத்துப் பதரைத் தள்ளுகிற வேலைதான்.

அடுக்குவதால் இன்னொரு லாபமும் உண்டு. படத்தில் இருக்கும் புள்ளிப்புள்ளி இரைச்சல், அடுக்கிய படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குக் குறையும். 400 படம் அடுக்கினால் இரைச்சல் 20-ல் ஒரு பங்கு. அதனால்தான் அடுக்கிய படத்தைப் பயமில்லாமல் கூர்மைப்படுத்தலாம். ஒற்றைப் படத்தைக் கூர்மைப்படுத்தினால் சொறிதான் மிஞ்சும்.

எந்த மென்பொருள்? காசு கட்டணுமா?

வேண்டாம். பிப் (PIPP), ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் மூன்றும் இலவசம், விண்டோஸ் கணினியில் ஓடும். பழைய மடிக்கணினி போதும். போன் வீடியோவை ஆட்டோஸ்டாக்கர்ட் நேரடியாக ஏற்காது. முதலில் பிப்பில் போட்டால் கோளை நடுவில் நிறுத்தி, வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடும். ஆட்டோஸ்டாக்கர்ட் தரம் பிரித்து அடுக்கும். ரெஜிஸ்டாக்ஸில் 'வேவ்லெட்' என்று ஆறு நகர்த்திகள் இருக்கின்றன. அவற்றை மெல்ல வலப்பக்கம் தள்ளத் தள்ள, மங்கலிலிருந்து பட்டைகள் எழுந்து வரும். முதல் தடவை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

அங்கேயே எல்லாரும் ஏமாறுகிறோம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போமே என்று. கோளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் எல்லை மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். என் பழக்கம், ராத்திரியே முடிக்காமல் படுத்துவிட்டுக் காலையில் திறந்து பாதி தூரம் பின்னால் இழுப்பது.

என் டெலஸ்கோப்பில் மோட்டார் இல்லை. கோள் ஓடிவிடுகிறதே?

பூமி சுற்றுவதால் வானம் விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. 1200 மி.மீ. குவிய நீளத்தில் 5.6 மி.மீ. அகலமுள்ள கேமரா சென்சாரைக் கடக்கக் கோளுக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், இரண்டு மடங்கு பார்லோ போட்டால் அரை நிமிடம். அதனால் துரத்தாதீர்கள். கோளைச் சட்டத்தின் ஓரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். அதிர்வு அடங்குவதற்குள் அதுவே உள்ளே வந்து, நடந்து, வெளியே போகும். நான்கைந்து தடவை இப்படி எடுத்து மொத்தத்தையும் பிப்பிடம் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளும். டாப்சோனியனால் கோளை எடுக்க முடியாது என்பவர்கள் எடுத்துப் பார்த்ததில்லை.

தனிக் கேமரா எப்போது வாங்கலாம்?

போனில் சனி வளையம் உடலிலிருந்து பிரிந்து தெரியும் படம் ஒன்று கைக்கு வந்தபிறகு. அதற்கு முன்னால் வாங்கினால் கேமராவோடு சேர்த்துக் குழப்பத்தையும் வாங்குகிறீர்கள்.

ஐபீஸ் இருக்கும் இடத்தில் செருகும் சின்னக் கோள் கேமராக்கள் கிடைக்கின்றன. மெகாபிக்சல் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். விநாடிக்கு எத்தனை சட்டம், பிக்சல் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். நல்ல காற்றில், பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கினால் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் குவிய விகிதம் (குவிய நீளத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) இருக்கணும். 2.9 மைக்ரான் என்றால் 14.5. என் டெலஸ்கோப்பின் விகிதம் 8, இரண்டு மடங்கு பார்லோவோடு 16, சரியாகப் போயிற்று. காற்று சுமாரான ராத்திரியில் மூன்றால் பெருக்கினாலே போதும், பார்லோவைக் கழற்றிவிடலாம்.

வியாழனை எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

இரண்டு, மூன்று நிமிடம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். அதன் நடுப்பகுதி நமக்கு நிமிடத்துக்குக் கால் ஆர்க் செகண்ட் நகர்வதாகத் தெரியும். மூன்று நிமிடத்தில் முக்கால், அதாவது 150 மி.மீ. கண்ணாடியின் எல்லை. அதற்கு மேல் எடுத்தால் பெருஞ்சிவப்புப் புள்ளி இழுபட்டுவிடும். சனியில் அப்படித் துருத்திக்கொண்டு தெரியும் அடையாளம் குறைவு, ஐந்து நிமிடம் தாராளமாக எடுக்கலாம்.

சனியைப் பார்க்கலாமா? வீட்டில் பாட்டி திட்டுகிறார்.

சனி பார்வை நம்மேல் படக்கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், நம் பார்வை சனிமேல் படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் மாமியார் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு கால் மணி நேரம் ஐபீஸை விடவில்லை.

2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி, ஊசிபோல மெலிந்து நின்றது. இப்போது வருடாவருடம் விரிந்து வருகிறது. 2032 வாக்கில் முழு விரிவு. வளையத்தில் இருக்கும் காசினி இடைவெளி என்ற கருங்கோடு, வளையம் விரியவிரியச் சிறிய டெலஸ்கோப்பிலும் எட்டும்.

செவ்வாய் ஏன் ஒரு சிவப்புப் புள்ளியாகவே இருக்கிறது?

பெரும்பாலான மாதங்களில் அது தூரத்தில் இருக்கிறது. சூரியனுக்கு நேர் எதிரே வரும் எதிர்நிலைக் காலத்தில்தான் எடுக்கணும், அது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை. அடுத்தது 2027 பிப்ரவரி 19. அதே மாதம் 10-ஆம் தேதி வாக்கில் வியாழனும் எதிர்நிலைக்கு வருகிறது. இரண்டும் நள்ளிரவில் நமக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். டாப்சோனியனை நேர் உச்சிக்குத் திருப்புவது பெரும்பாடு, கழுத்தும் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

வெள்ளி, புதன்?

வெள்ளியில் பிறைகளைத் தவிர விவரம் எதுவும் கிடைக்காது. ஆனால் பிறை அழகு. புதனை நான் இன்னும் உருப்படியாக எடுத்ததில்லை.

நம் ஊரில் எந்த மாதம் நல்லது?

ஜனவரி கடைசியிலிருந்து மே நடுவரை. ஜனவரி விடியற்காலையில் பனி கண்ணாடிமேல் இறங்கும், ஒரு அட்டையைச் சுருட்டிக் குழாய் வாயில் நீட்டிவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகம் விலகினாலும் படம் ஆடும். சுமார் 15 கி.மீ. உயரத்தில் கீழைக் காற்றோட்டம் தென்னிந்தியாவுக்கு மேலேயே வேகமாக ஓடும் காலம் அது. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக்கு. 2026-ல் சனி எதிர்நிலைக்கு வருவது அக்டோபர் 4, மழை முந்திக்கொள்ளாமல் இருக்கணும்.

காவலூர் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, அங்கே பெரிதாக என்ன பார்த்தார்கள்?

ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் அங்கே இயங்குகிறது. ஆனால் எனக்குப் பிடித்த கதை அதைவிடச் சின்ன 1 மீட்டர் டெலஸ்கோப்பினுடையது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதை ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதில் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அன்று பல நாடுகளில் செய்த கவனிப்புகளால் தெரியவந்தது, அதில் நம்ம மலைக்கும் பங்கு உண்டு. நம் கண்ணாடியில் யுரேனஸ் சின்னப் பச்சைப் பொட்டு, அவ்வளவுதான்.

சூரியனையும் இதே மாதிரி எடுக்கலாமா?

குழாயின் முன்வாயை முழுதாக மூடும், சூரியனுக்கென்றே செய்த தரமான வடிகட்டி இல்லாமல் கூடவே கூடாது. ஐபீஸில் திருகும் கருப்புக் கண்ணாடி வெடித்துவிடும், அதைத் தூக்கிப் போடுங்கள். டெலஸ்கோப்பின் மேல் பொருத்தியிருக்கும் சின்னத் தேடுகுழாயையும் மூடணும். ஒரு கணம் பட்டாலே கண் போய்விடும்.

எப்போது வந்தால் பார்க்கலாம்?

வளர்பிறை அட்டமி, ராத்திரி ஏழு மணி. மாடிக்கு என்றால் செருப்போடு வாருங்கள், தளம் சுடும். ரயில் வந்தால் மட்டும் கொஞ்சம் பொறுக்கணும்.